ஊதாக் கல்

வெல்டருக்குத் தெருவில் வைத்த பெயர் கல்லுளிமங்கன். பிடித்தால் விடமாட்டார். ஞாயிறு விடிந்தால் சுத்தியலோடு பழைய குவாரிக்குக் கிளம்பிவிடுவார். கூடவே மனைவியின் தம்பியும். போகும்போது பேசிக்கொண்டே போவார்கள், வரும்போது முறைத்துக்கொண்டு வருவார்கள். கொண்டுவந்த கல்லுக்கெல்லாம் தூசி துடைப்பது மட்டும் மனைவியின் தலையெழுத்து.

சில வருடங்களுக்கு முன் கிடைத்த ஊதாக் கல்தான் பெரிய வம்பு. விலையுயர்ந்த செவ்வந்திக்கல் என்று குதித்தார் வெல்டர்.

"வெறும் ஃபுளோரைட் மாமா, மலிவான கல்லு. கத்தியால கீறிப் பாருங்க. செவ்வந்தின்னா கோடே விழாது" என்றான் தம்பி.

"என் கல்லு மேல கத்தி வச்சே, கைய ஒடிச்சிடுவேன்!"

அன்றே யாரையும் கிட்டே விடாமல், கல்லை ஒரு மரக்கட்டையில் ஒட்டி அலமாரியில் ஏற்றிவிட்டார்.

அதிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலே அதே கூச்சல். இந்த ஞாயிறு தட்டே பறந்தது. அதைப் பொறுக்கிய மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

காய் நறுக்கும் கத்தியை எடுத்தாள். முன்பக்கம் கீறினால் அழகு கெடுமே என்று, கல்லைக் கட்டையிலிருந்து நெம்பி எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே ஏற்கெனவே ஆழமாக ஒரு கோடு. கோட்டுக்குள் பழைய பசை இறுகிக் கிடந்தது.

"அப்போ மொத நாளே உங்களுக்குத் தெரியும்?"

வெல்டர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. மச்சானை நோக்கி விரலை நீட்டினார்.

"உன் தம்பி வேலைடி இது. நல்ல செவ்வந்திக்கல்லக் கெடுத்துட்டான், படுபாவி!"