பூஜ்யத்தில் ஒரு பின்

ஓசூரில் நான் பிரஷர் கேஜ் செய்து விற்றேன். கொதிகலனில் நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் கருவி. வட்ட முகம், ஒரு முள். எங்கள் கேஜில் முள்ளைத் தடுக்க எதுவும் கிடையாது. கருவி கெட்டுப்போனால் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றையும் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்திட்டவர், கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண். முழுப் பெயரையும் தமிழில் எழுதுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பலர் வாங்கினார்கள்.

பிறகு எங்கள் விலையில் பாதிக்குச் சீனக் கேஜ்கள் வந்தன. பெரிய வாடிக்கை என்று மிஞ்சியது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைதான். அங்கே கொள்முதல் பார்ப்பவர் எங்கள் கேஜையும் ஒரு சீனக் கேஜையும் மேசைமேல் வைத்தார்.

“உங்க முள்ளு ஏன் சார் சும்மா இருக்கும்போதே தள்ளாடுது? காலையிலயே போட்டுருச்சா? இதப் பாருங்க, சமத்தா ஜீரோல உக்காந்திருக்கு.”

சீனக் கேஜில் பூஜ்யத்துக்கு அருகே, முள்ளைத் தடுக்கும் சிறு கம்பியாக ஒரு பின் இருந்தது. கீழே இறங்கவேண்டிய முள்ளும் அதில் சாய்ந்து, சரியாக இருப்பதுபோல நின்றுவிடும். இதை நான் அவருக்கு விளக்கியிருக்கலாம். பயத்தில், விலையைக் குறைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணிடம், எங்கள் கேஜிலும் பின் வைக்கச் சொன்னேன். இனிப் பெட்டிக்கு ஒன்றைச் சோதித்தால் போதும், கையெழுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றேன்.

“பின்னு வெச்சா தப்பு மறஞ்சுக்குமே சார்.”

“எல்லாரும் வெக்கறாங்கம்மா.”

“சரி, வெக்கறேன். டெஸ்ட் பண்ணாததுக்கு எப்பிடி சார் சைன் போடறது?”

“போடலன்னா கம்பெனி நிக்காதும்மா.”

அது உண்மைதான். ஆனால் வேறு வேலைக்கு வழியில்லாதவரிடம் அதைச் சொன்னேன். அவர் போட்டார், தலைப்பெழுத்தை மட்டும். அதற்குப் பிறகு எந்தச் சான்றிதழிலும் முழுப் பெயர் இல்லை.

இரண்டு மாம்பழப் பருவம் தாங்கியது. அப்புறம் அந்தத் தொழிற்சாலையும் சீனக் கேஜுக்கே போயிற்று. இப்போது நானே அவற்றை வரவழைத்து, எங்கள் பெயர் அச்சிட்ட முகத்தைப் பொருத்தி விற்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன மாதம் அந்தப் பெண்ணுக்கு ஜூஜுவாடியில் வேலை கிடைத்தது. அனுபவச் சான்று கேட்டார். ‘சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர்’ என்று அடித்துக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“டெஸ்டிங்னு வேணாம் சார். பேக்கிங்னு போடுங்க.”

மாற்றி அடித்தேன். நகலில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, முழுப் பெயரையும் தமிழில் போட்டார்.