ஏழு இலைக்கு வைத்த உலை

அரிசி விழுந்த பிறகு

அரிசியைக் கொட்டி அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றியபோது வாசல் படலையடியில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. அரிசி உலையில் விழுந்த பிறகு வருகிற எந்தச் செய்தியும் சமையல்காரனுக்கு நல்ல செய்தியாக இருந்ததில்லை. விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டு அடுப்படியில் நின்று வாசலைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

விழுந்தவர் கலியாணத் தரகர். சண்டிலிப்பாயில் நடராசா மாஸ்டர் வீட்டுத் தீபாவளி விருந்தை ஒழுங்கு செய்தவர் அவர்தான். மாஸ்டரின் மகள் சிவமலருக்கு அரியாலையில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். பெடியன் வெளிநாட்டில். எல்லாம் பேசி முடிந்து, பெடியனின் தாய் இராசம்மாவின் சம்மதம் மட்டும் மிச்சம் இருந்தது. அதை எங்கள் பக்கத்தில் வாயால் சொல்வதில்லை. பெண் வீட்டில் அவர் கை நனைத்தால், ஒரு வாய் சோறு உண்டால், சம்மதம். உண்ணாமல் எழும்பினால் அத்தோடு சரி. ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியப்புறம் கிடாய் பங்கு போட்ட இடத்தில் ஒரு பங்கு இறைச்சி எடுத்து முற்றத்து அடுப்பில் ஏற்றியிருந்தேன்.

தரகர் முழங்கால் சிராய்ப்பைத் துடைக்காமலே சொன்னார். காலையிலிருந்து அரியாலைப் பக்கம் ஷெல் விழுகிறது. இராசம்மா வெளிக்கிட்டுவிட்டார். அவரோடு அவர் குடியிருக்கும் ஒழுங்கையின் வீடுகள் எல்லாம் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்துகொண்டிருக்கின்றன. சாப்பிட வருகிறவர்களைத் தலை எண்ணுவது எங்களுக்கு ஆகாது. அதனால் எத்தனை இலை என்று கேட்டேன்.

"எண்ணேல்லை அண்ணை. இலை வெட்டப் போனவரை இப்ப வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

இரண்டு அரிசி

மாஸ்டரின் மனைவி பூமணி அக்கா பதறவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது உலை வைக்கச் சொன்னார். முதல் உலையில் வெந்துகொண்டிருந்த சம்பா, வரவேண்டிய அந்த ஏழு பேருக்கு. வீட்டில் இருந்த மொட்டைக்கறுப்பன் அரிசி மற்றவர்களுக்கு. இறைச்சித் துண்டுகளும் அப்படியே. மற்றவர்களுக்கு அதே சட்டிக் குழம்பில் கிழங்கும் வாழைக்காயும். சொல்லி முடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"இஞ்சேருங்கோ" என்று கணவனைக் கூப்பிட்டார். "அவை ஓடி வருகினம். பசியிலை சாப்பிட்டால் அதைச் சம்மதமெண்டு எடுக்கலாமோ?"

மாஸ்டர் கணக்குப் படிப்பித்தவர். ஒரு கணக்கை முடித்துத்தான் அடுத்ததற்குப் போவார்.

"நீ முதல் சாப்பிடக் குடு. சம்மதத்தைப் பிறகு பாப்பம்."

புகை

லாண்ட்மாஸ்ரர் படலைக்கு வந்ததும் ஹெலி வந்ததும் ஒன்றாக. வயலுக்கு மேலே தாழப் பறந்து ஒரு வட்டம் போட்டது. முற்றத்து அடுப்பிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. "அடுப்பை அணை, அணை" என்று மாஸ்டர் கத்தினார். கொள்ளிகளை இழுத்து மண்ணுக்குள் குத்தினேன். பங்கருக்குள் எட்டுப் பேர்தான் கொள்ளும். மற்றவர்கள் மாமரத்தின் கீழ் மூட்டைகளோடு ஒடுங்கினார்கள்.

சட்டிக்குள் இறைச்சி அரை அவியல். அந்த நிலையில் சூடு விட்டுப்போனால் பிறகு எவ்வளவு எரித்தாலும் தோல் செருப்புத்தான். உயிர் போகும்போது இறைச்சியை யோசித்தாயா என்று கேட்பீர்கள். யோசித்தேன். சட்டியைப் பார்க்க மூடியில் கை வைத்தேன். என் பக்கத்தில் குந்தியிருந்த, நெற்றியில் திருநீறு வியர்வையோடு வழிந்த ஒரு பெண் என் கையைத் தட்டிவிட்டு, தன் மூட்டையிலிருந்து வெறுஞ்சாக்கு ஒன்றை உருவி மூடிமேல் போட்டார். அவர்தான் இராசம்மா என்று அப்போது எனக்குத் தெரியாது.

"திறவாதேங்கோ அண்ணை. அது தன்ரை சூட்டிலை வேகும். நாங்கள் இருந்தால் சாப்பிடுவம்."

முதல் பந்தி

ஹெலி போன பிறகு முப்பத்தொரு இலை போட்டோம், மூன்று பந்தியாக. இனித்தான் என் தொழிலின் பெரிய தொல்லை. இந்தக் கூட்டத்தில் அந்த ஏழு பேர் யார்? வீட்டுக்கு வந்தவரை நீர் யார் என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. தரகரோ அடிபட்ட காலைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் இருந்தார். ஆகவே வெள்ளை வேட்டியும் குடையுமாக முதலில் வந்து அமர்ந்த பெரியவரை, பெடியனின் தாய்மாமன் என்று மாஸ்டரே முடிவு செய்தார். சம்பா அவருக்கு. மூளை எலும்பு அவருக்கு. நல்ல துண்டுகளில் பாதி அவர் இலைக்கே போனது. மாஸ்டர் விசிறியோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் பூமணி அக்கா. பெரியவர் மறுக்கவில்லை. தெற்கே எங்கோ ஷெல் விழுந்தது. இலைகளின் மேல் கைகள் நின்று, பிறகு அசைந்தன. பெரியவர் மட்டும் நிறுத்தாமல் உண்டார். ஆறுதலாக எழும்பி, கை கழுவி, குடையை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் வந்தார். மானிப்பாய்ச் சந்தியில் லாண்ட்மாஸ்ரர் நிற்கக் கண்டு ஏறிக்கொண்டவராம்.

"நல்ல சாப்பாடு தம்பி. இது ஆரின்ரை வீடு?"

மூன்றாவது பந்தி

அதன் பிறகுதான் தரகர் நொண்டிக்கொண்டு வந்து, பந்திக்குத் தண்ணீர் வார்த்த பெண்ணைக் காட்டி, அவர்தான் இராசம்மா என்றார்; என் சட்டிக்குச் சாக்குப் போட்டவர். நான் இரண்டு அரிசியையும் ஒரே ஓலைக் கடகத்தில் கொட்டிக் கலந்தேன். பூமணி அக்கா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. மூன்றாவது பந்தியில் இறைச்சி முடிந்தது. கடைசி இலைகளுக்கு வாழைக்காய்தான்.

இராசம்மா எந்தப் பந்தியிலும் இருக்கவில்லை. முதல் பந்திக்குத் தண்ணீர் வார்த்தார். இரண்டாவதில் தன் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு எலும்பு பார்த்து நீக்கிக் கொடுத்தார். மூன்றாவதில் இலை போட்டுக் கூப்பிட்டபோது, "எனக்கு வேண்டாம் அக்கா, வயிறு சரியில்லை" என்றார். மாஸ்டர் விசிறியைக் கீழே வைத்தார். அறைக்குள் சிவமலர் காலையில் உடுத்த சேலையை மாற்றுகிற சத்தம் கேட்டது.

பூமணி அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எங்களிலை ஏதும் குறையோ?" என்று நேரே கேட்டுவிட்டார். இராசம்மா தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"குறை உங்களிலை இல்லை. பலகாரத் தட்டோடை வரவேண்டிய வீட்டுக்கு மூட்டையோடை வந்திட்டன். இப்பிடி வந்து கை நனைச்சால், சோத்துக்குச் சம்மதிச்சவ எண்டு ஆரும் சொல்லமாட்டினமோ?"

 

சட்டி

பின்னேரம் ஆட்கள் மாமரத்தடியில் பாய் விரித்துச் சரிந்தார்கள். நான் அடுப்புக் கல்லைப் பிரட்டிக்கொண்டிருந்தேன். இலைக்குப் போதாத கறி, சட்டியோடு ஒட்டியிருக்கையில் ஒரு பிடி சோற்றுக்குப் போதும் என்பதை எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை.

சிவமலர் பழைய பாவாடை சட்டையோடு வந்தாள். காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. அவளுக்கு இலை போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கடகத்தில் கிடந்த கலப்புச் சோற்றை வழித்து இறைச்சிச் சட்டிக்குள் போட்டு, அடிப்பிடித்த கருந்தூளோடு பிசைந்தாள். கிணற்றடியிலிருந்து கழுவிய செம்போடு வந்த இராசம்மா அதைக் கண்டு நின்றார். பிறகு செம்பை வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குள் செருகி, சட்டிக்கு இந்தப் பக்கம் குந்தினார். கையை நீட்டினார். சிவமலர் ஒரு கவளம் உருட்டி வைத்தாள்.

பூமணி அக்கா வாளியோடு எங்களைக் கடந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். நான் அடுத்த கல்லைப் பிரட்டினேன்.

இராசம்மா மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினார்.