தடித்த எழுத்துக்குப் பெயர் துணிச்சல்

எழுதவும் கணக்குப் போடவும் உதவும் ஓர் இலவச மென்பொருளுக்குச் சில வருடங்களாக நான் தமிழாக்கம் செய்துவந்தேன். திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருத்தலாம், சம்பளம் கிடையாது. அலுவலகம் போகிற மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்தபின் கொஞ்சம் என்று செய்த வேலை.

ஒரு மார்கழியில், டெல்லி மயூர் விஹாரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரும் ஆசிரியை போன் செய்தார்.

"மேடம், புது வெர்ஷன் போட்டதுலேர்ந்து ஒண்ணுமே புரியல. ஃபைலை மூட எதை அழுத்தணும்னு பசங்க கேக்குறாங்க. 'அருகில்'னு ஒண்ணு இருக்கு, அதுவா?"

திறந்து பார்த்தேன். 'க்ளோஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாங்கள் வைத்த மூடு 'அருகில்' ஆகியிருந்தது. 'போல்ட்', அதாவது தடித்த எழுத்து, 'துணிச்சல்'. அட்டவணை 'மேசை'. 'லெஃப்ட்'டுக்கு இடப்பக்கம் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கிளம்பிவிட்டார்'. யாரோ மொத்தத்தையும் இயந்திரத்தில் போட்டு, வந்ததை அப்படியே எங்கள் சொற்களின் மேல் கொட்டியிருந்தார்கள். கழுவித் துடைத்த சமையலறையில் பிறத்தியார் குப்பைக்கூடையைக் கவிழ்த்ததுபோல் இருந்தது.

திட்டத்தின் பதிவில் செய்தவன் பெயரோடு ஊரும் இருந்தது: டெல்லி. எழுதிக் கேட்டால், எங்கள் குடியிருப்பிலேயே பக்கத்து பிளாக். மெட்ரோ வாசலில் மோமோ தின்றுகொண்டே பேசினான். தமிழ்ப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவன், மென்பொருள் கம்பெனியில் வேலை.

"ஆன்ட்டி, எனக்குப் பேசத்தான் வரும். படிக்க வராது."

"படிக்கத் தெரியாமலா இவ்வளவும் மொழிபெயர்த்த?"

"டூல் இருக்கே! ஏக் தின் கா காம், ஒரே நாள் வேலை. ரெஸ்யூமேல ஓப்பன் சோர்ஸ்னு போடணும், அவ்ளோதான்."

"பசங்க அதைப் பாத்துதான் கத்துக்கறாங்கப்பா."

"அரே ஆன்ட்டி, இங்க யாரு தமிழ்ல யூஸ் பண்றா?"

விரலில் வழிந்த சிவப்புச் சட்னியைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு சிரித்தான். வெட்கம் என்று ஒன்று அந்த முகத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு விவரமாக எழுதினேன். புதியவர்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதிகம் பங்களித்தவர் என்பதால் தமிழுக்கு இனி அவனே சரிபார்ப்பாளராம். நான் ஒரு எழுத்தைத் திருத்தினாலும், அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதவன் ஒப்புதல் தர வேண்டும். இரண்டு முறை அனுப்பிப் பார்த்தேன். 'டூல் வேற சொல்லுது' என்று இரண்டையும் நிராகரித்தான்.

பொங்கலுக்கு எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் விழா நடத்தினார்கள். கணினித் தமிழுக்குத் தொண்டாற்றும் இளைஞர் என்று மேடையில் அவனுக்குச் சால்வை. நன்றியுரையை செல்போனில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத் தடுக்கித் தடுக்கி வாசித்தான். எனக்கு முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு அதிகாரி, "டெல்லியில பொறந்த புள்ளைக்கு எவ்வளவு பற்று பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு குப்பைத்தொட்டியில் போட்டேன்.

இறங்கி வந்தவன், "ஆன்ட்டி, ஒரு செல்ஃபி?" என்றான்.

"வேண்டாம்பா. தள்ளி நில்லு."

அவனுக்குப் புரியவில்லை. குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு யாரையோ தேடிப் போனான்.

மறுநாளே அந்தத் திட்டத்திலிருந்து என் பெயரை நீக்கச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் நீக்கினார்கள். அடுத்த சனிக்கிழமை ஆசிரியையோடு உட்கார்ந்து, அவருடைய கணினிகளில் எல்லாம் பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்றினேன். அங்கே பிள்ளைகள் இப்போது ஃபைலை மூட 'மூடு' என்பதை அழுத்துகிறார்கள். மற்ற எல்லா இடத்திலும் அது 'அருகில்'தான். அவன் மலையாளத்துக்கும் சரிபார்ப்பாளர் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.