மரியநாயகி அக்காவின் நடக்கும் வெள்ளிகள்

மாதா கோயிலில் மாலை மணி அடித்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் தலைகுனிந்து சிலுவை போடுவோம். மரியநாயகி அக்கா மட்டும் அண்ணாந்துகொண்டு போடுவா. பக்கத்து வீட்டிலிருந்து அதை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன்.

எண்பத்தைந்தில் ஒருநாள், பொழுதுபடக் கருவாடு அள்ளும்போது, வானத்து நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளி நடந்து போனதைக் கண்டாவாம். அது மனிதர் ஏவிய செயற்கைக்கோள் என்று வானொலியில் கேட்டு அறிந்தபின் ஒவ்வொரு மாலையும் முற்றத்தில் நின்று தேடுவா. எது எந்தப் பக்கம் போகிறது, கிழக்கே எந்த இடத்தில் பூமியின் நிழலுக்குள் போய் விளக்கு அணைவதுபோல் நூர்ந்துபோகிறது என்று கவனித்து வைப்பா. சண்டையால் மின்சாரம் நின்றபின் வானம் இன்னும் கறுத்தது. அவவுக்கு அது வசதியாகிவிட்டது. விசர் என்று தாய் ஏசினாலும் அக்கா மறுத்துக் கதைக்கமாட்டா.

தொண்ணூற்றிரண்டில் அக்காவின் தங்கை பெர்னடெட்டைப் பார்க்கப் பாசையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லியே தாய் பலகாரம் சுட்டா. நானும் உதவிக்குப் போயிருந்தேன்.

முற்றத்தில் தேத்தண்ணி கொடுக்கும் நேரம், மேற்கே ஒரு வெளிச்சம் கிளம்பியது. குண்டுவீச்சு விமானமென்று நினைத்துப் பொம்மர் என்று யாரோ கத்த, ஜாம்போத்தல் விளக்குகளை ஊதி நூர்த்துவிட்டுச் சனம் பங்கர்க் குழிக்குள் குதித்தது. வந்த நேரம் சரியில்லை, வீட்டுக்குப் போவோம் என்று மாப்பிள்ளையின் தாய் செபஸ்தியம்மா மகனைக் கையில் பிடித்து இழுத்தா.

அக்கா முற்றத்து நடுவில் வந்து நின்றா. அவ்வளவு பேர் முன்னால் அவவின் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

"போகாதேங்கோ மாமி. குண்டு போட வாறவன் விளக்குக் கொளுத்திக்கொண்டு வருவானே? உந்தத் தென்னைக்கு அங்காலை போனவுடனை அது நூரும், பாருங்கோ."

"நூராட்டி?" என்றா செபஸ்தியம்மா.

"நூராட்டிப் போங்கோ."

பெர்னடெட் என் கையை நகம் பதியப் பிடித்தாள். வெளிச்சம் சத்தமில்லாமல் தலைக்கு மேலால் வந்து, தென்னையைத் தாண்டி, மெல்ல மங்கி இல்லாமற்போனது.

பங்கருக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் சந்தியோகு தலையை நீட்டினார்.

"அப்ப நான் தேத்தண்ணியைக் குடிச்சிட்டே குதிச்சிருக்கலாம்."

முதலில் சிரித்தது செபஸ்தியம்மாதான். விளக்குகளைத் திரும்பக் கொளுத்தினோம். இன்னொன்று வருமோ என்று மாப்பிள்ளை கேட்டார். கொஞ்சம் பொறுங்கோ என்றா அக்கா. அது வருவதற்குள் கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டார்கள்.

பெர்னடெட்டின் மூன்று பிள்ளைகளும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அக்கா அவர்களோடு பாசையூரில் இருக்கிறா. தெருவிளக்குகளால் மாலையில் நடக்கும் வெள்ளிகள் இரண்டு மூன்றுக்கு மேல் தெரிவதில்லையாம்.