தையல் மெஷின் இருந்த இடம்

போன வருஷம், மைசூரில் மழை ஆரம்பிக்கப்போகிற சமயம். ரிட்டயர் ஆன கையோடு ஒரு வீடு வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. "இந்த வயசுல பழைய வீடு நமக்கெதுக்கு?" என்று முணுமுணுத்தார் என் கணவர். அவர் எதற்குத்தான் முணுமுணுக்கவில்லை!

அதில் ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருந்தது. கணவருக்கு ஃபேக்டரியில் வேலை, மனைவி அக்கம்பக்கத்துக்கு பிளவுஸ் தைப்பவள். மாத வாடகை கிடையாது, போக்கியம். மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது, காலி பண்ணும்போது அதைத் திருப்பி வாங்கிக்கொள்வது. இங்கே சகஜம்தான்.

தெரிந்த இன்ஜினீயர் ஒருவரை அழைத்துப் போனோம். கூடத்தில் ஏணி போட இடமில்லை. அவளே தையல் மெஷினை ஓரமாக நகர்த்திக் கொடுத்தாள். இன்ஜினீயர் மேலே ஏறி, மர உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. கரையான். மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. "ஐயோ, ஒரே குப்பையா இருக்குக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று அவள் ஓடிப்போய்த் துடைப்பம் எடுத்து வந்தாள்.

வாசலுக்கு வந்ததும் இன்ஜினீயர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த மழைக்குத் தாங்கினா அதிசயம்மா."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விலையைக் குறைக்கலாம் என்றுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அங்கே நின்றபடியே ஓனருக்கு போன் போட்டேன். அவரும் குறைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு வேண்டுகோள்: குடியிருப்பவர்களிடம் மூச்சுவிடக் கூடாது. தெரிந்தால் போக்கியப் பணத்தைக் கேட்டு உயிரை எடுத்துவிடுவார்களாம். நானும் சரி என்றேன்.

மறந்துவிட்ட குடையை எடுக்க உள்ளே போனேன். அவள் மெஷினைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழும். நேர் மேலே அந்த உத்தரம்.

"வீடு நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள்.

"பரவால்லம்மா, சும்மா பார்த்துட்டுப் போனோம்" என்றேன். மெஷினின் இன்னொரு முனையைப் பிடித்து நகர்த்த உதவியும் செய்தேன். பாவி!

ஒரு வாரம் வீட்டில் வாக்குவாதம். கடைசியில் கணவர்தான் ஜெயித்தார், வாங்கவில்லை. இனி ஓனருக்காக நான் வாயைக் கட்டிக்கொள்ளவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை. யார் வீட்டு விவகாரத்திலோ நாம் எதற்குத் தலையிடவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடந்தே போய்விடுகிற தூரம்தான்.

அடுத்த மாதம், மூன்று நாள் விடாத மழை. இன்ஜினீயர் போன் பண்ணினார். பட்டப்பகலில் கூடத்துக் கூரை இறங்கிவிட்டது, அவள் தைத்துக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கைதான் நசுங்கியிருந்தது, இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நல்லவேளை, நீங்க வாங்கலக்கா, தப்பிச்சீங்க" என்றாள். "நீங்க வேணாம்னுட்டீங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு, காலி பண்ண வேண்டாமேன்னு சாமிக்குக் கேசரி பண்ணிப் படைச்சேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்ஜினீயர் சொன்னது, ஓனர் கேட்டுக்கொண்டது, நான் சரி என்றது. அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். அவ்வளவுதான்.

கைக்கு ஆன செலவில் எங்களால் முடிந்ததைச் செய்தோம். ஓனருடன் சண்டை போட்டு, போக்கியப் பணத்தை வாங்கித் தந்தோம். இப்போது அவர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள். அந்த மெஷினைப் பழுது பார்த்து, அதில் அவள் கணவர் உட்கார்ந்து தைக்கப் பழகுகிறார். "அந்த வீட்டை வாங்காம எப்படித் தப்பிச்சீங்க!" என்று இன்றைக்கும் யாராவது மெச்சும்போது எனக்குத் தலை குனிந்துவிடுகிறது. அன்றைக்கு நான் தப்பித்துக்கொண்டேன், அவளும் தப்பிக்க நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும்.