கூடாரத்தில் ஒரு ஆள்

சனிக்கிழமை மாலை நாலரைக்குக் காரைக்காலில் ஆட்டோ பிடித்தோம். மண்டபத்தூர் கடற்கரை எட்டுக் கிலோமீட்டர் இருக்கும், எண்பது ரூபாய். மனைவி ஜன்னத், மூன்றரை வயது மகள் ரஹிமா, நான், ஷார்ஜாவில் வாங்கி வந்த கூடாரம். "சொந்த வீட்டை விட்டுட்டு மணல்ல போய்ப் படுக்கறீங்களே, ஊர் சிரிக்காது?" என்றாள் ஜன்னத். சிரித்தால் சிரிக்கட்டும். செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரஹிமா பிறந்தபோது நான் ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுவோம், சரியான வாயாடி. அவளுக்கு வாப்பா என்றால் போனுக்குள் இருப்பவர். லீவில் வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது, இந்தத் தாடிக்காரனோடு ஒரு வார்த்தை கிடையாது. தூக்கினால் அலறல். போவதற்குள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து வாப்பா என்று கூப்பிட மாட்டாளா என்றுதான் கிளம்பினேன்.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்வில் கிடந்தன. சின்ன பைபர் படகுகள் மட்டும் கடலுக்குப் போய்வந்தன. அதில் ஒன்று என்னோடு பள்ளியில் படித்த கலியபெருமாளுடையது. கடற்காற்றில் கூடாரம் பறக்க, முளை மணலில் நிற்காமல் பிடுங்கிக்கொள்ள, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன பாய், வீடு வாங்கியாரச் சொன்னா பட்டம் வாங்கியாந்திருக்க?" பிறகு அவனே நங்கூரக் கயிற்றால், கரையில் சும்மா கிடந்த ஒரு பழைய படகோடு இழுத்துக் கட்டிக் கொடுத்தான்.

ஆறு மணி வாக்கில் ரஹிமா வளைக்குள் ஓடும் நண்டுகளைப் பார்த்துத் துள்ளினாள். நேரே உம்மாவிடம் ஓடி, "போன் போட்டுக் குடும்மா, வாப்பாகிட்ட சொல்லணும்" என்றாள். ஜன்னத் என்னைப் பார்த்தாள். செல்போனை எடுத்துக்கொண்டு படகுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

"வாப்பா, நண்டு ஓடுச்சு! அப்பறம், எங்ககூட ஒரு ஆளு வந்திருக்காங்க. எங்க கூடாரத்துலயே படுக்கப் போறாங்களாம்."

"நல்லவங்களாம்மா?"

"தெரியல. தாடி இருக்கு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கலியபெருமாளின் படகு கரையேறியது. சங்கராவும் நண்டும் ஒரு கூடை எடுத்து நீட்டினான். என்ன விலை என்று கேட்டேன், அவ்வளவுதான்! "கறிமீனுக்கு எவனாச்சும் காசு வாங்குவானா? துபாய்க்காரன் புத்தி!" விற்பனைக்குப் போகுமுன் வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்குவது கறிமீன்; அதை இங்கே யாரும் விற்பதில்லை. அவன் மனைவி மாங்காய் போட்டுக் குழம்பு கூட்டினார். அந்தச் சுவைக்காகவே நீங்கள் ஒருமுறை வரலாம். நண்டுக்காலை உடைத்துச் சதையை நீட்டினேன். ரஹிமா என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து வாங்கித் தின்றாள்.

பத்து மணிக்கு வடக்கே ஆறு கடலில் சேரும் இடத்துக்கு நடந்தோம். கோடையில் ஆற்றின் வாயை மணல் அடைத்துவிடும். உள்ளே அலையில்லாத தண்ணீர், இடுப்பளவு, இளஞ்சூடு. ஷார்ஜாவிலும் கடல் உண்டு. நாலு வருஷத்தில் அங்கே நான் கால் நனைத்ததில்லை, யாரோடு போவது? முதலில் ரஹிமா என் விரலைப் பிடித்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதுகில் சுமந்து ஒரு சுற்று நீந்தி வந்ததும் காதோரம், "இன்னொரு தடவை" என்றாள். எத்தனை தடவை நீந்தினேனோ, மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை.

நாலு மணிக்குக் கூடாரத்தை மடித்தோம். ரஹிமா மறுபடி போன் கேட்டாள். மறுபடி படகுக்குப் பின்னால் போனேன்.

"வாப்பா, நீங்க அங்கயே இருங்க. வர வேணாம். இவங்க நம்ம வீட்டுல இருக்கட்டும்."

"ஏம்மா?"

"இவங்க என்னைத் தூக்கறாங்க. நீங்க தூக்கறதே இல்ல."

"சரிம்மா, அவங்ககிட்ட கேட்டுப் பார்க்கறேன்" என்றேன்.

போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டு மணலில் அந்தத் தாடிக்காரனைத் தேடிக்கொண்டு வந்தாள். படகின் நிழலில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தூக்கினேன். ஆட்டோ வரும்வரை இறக்கவே இல்லை.