மூணு துமாஷ் தோண்டிய குழி

துமாஷ் மலையூர் ஒன்றில் மஞ்சள் தபால் பஸ் ஓட்டுகிறவர். பனிக்காலத்தில் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. காலை ஏழு மணிக்கு அளவுக்கம்பத்தின் முன் நின்று, எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எழுதி, பனிச்சரிவு அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமாகப் பெரும்பாலும் மூன்றுதான் சொல்லி வந்தார். சௌகரியமான எண். சரிந்தால் அப்போதே சொன்னேனே எனலாம், விழாவிட்டால் நான் ஐந்து என்றா சொன்னேன் எனலாம். ஊரில் அவருக்கு 'மூணு துமாஷ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போன வருஷம் ஊர்ப் பாடகர் குழு மலைமேலிருக்கும் மேல்குடிலுக்குப் பனிச்சறுக்கில் கிளம்பியபோது வேண்டாம் என்று தடுத்தார். வழியில் கடக்க வேண்டிய சரிவின் பனியோ மே மாதம்வரை அப்படியே கிடந்து, சத்தமில்லாமல் உருகி ஓடையில் போனது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் டிக்கெட்டோடு ஒரு கேலியையும் நீட்டினார்கள்.

இந்த வருஷம் மனைவி மெங்கியாவின் அண்ணன் பெய்டருக்கு அறுபது வயது. குழுவின் இருபத்திமூன்று பேரும் சனிக்கிழமை மேல்குடிலில் விருந்துக்குப் போவதாக ஏற்பாடு.

"மாப்ளே, இந்தத் தடவையும் மூணுன்னு சொல்லி எங்களைப் பள்ளிக்கூட ஹால்ல உக்கார வச்சுடாதே. அறுபது ஒரு தடவைதான் வரும்" என்றார் பெய்டர்.

வெள்ளி மதியம் துமாஷ் மண்வெட்டியோடு ஏறினார். குழி தோண்டி, பனியைத் தூண்போல வெட்டி நிறுத்தி, அதன்மேல் மண்வெட்டியை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. உள்ளே பலவீனமான அடுக்கு இருந்தால் தூண் உடையும். உடையவில்லை. அங்கேயே போனை எடுத்தார்.

"ரெண்டு, மச்சான். கெளம்புங்க."

அப்படிச் சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது. குழி இருந்ததோ மரங்களின் மறைவில், காற்றே படாத இடத்தில். ஆட்கள் கடக்க வேண்டிய சரிவு இருநூறு அடி தள்ளி, காற்று பனியை வாரிக் கொட்டிய பக்கத்தில் இருந்தது. இது அவருக்குத் தெரியாததல்ல. 'இரண்டு' எங்கே கிடைக்குமோ அங்கே பார்த்துத் தோண்டியிருந்தார், அவ்வளவுதான்.

திரும்பும்போது அந்தச் சரிவின் அடிவாரத்தில் கால் வைத்தார். காலுக்கடியில் வும் என்றது. பனி ஒரு விரற்கடை கீழே இறங்க, ஒரு விரிசல் மேல்நோக்கி ஓடியது. உள்ளடுக்கு உடைகிற அந்த வும் கேட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கேட்டது அவர் மட்டும்தான். காலைக்குள் குளிரில் பனி இறுகிவிடும், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, பெய்டரை அழைத்தார்.

"மச்சான், மூணு."

"இப்பத்தானேடா ரெண்டுன்னே?"

"குழியைத் தப்பான எடத்துல தோண்டிட்டேன்."

"பதினாலு வருஷமாத் தோண்டறே. எடம் தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சேதான் தோண்டினேன். உங்களுக்கு ஆமான்னு சொல்லணும்னு ஆசை. மேல வும் கேட்டுச்சு."

"சரி, ஹால்லயே சூப்பைக் குடிச்சுத் தொலைக்கிறோம்."

சனிக்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. அவரைக் கடுப்பேற்றவே இருபத்திமூன்று பேரும் பனிச்சறுக்கு உடுப்போடு, மண்வெட்டி, துழாவும் கம்பி சகிதம் ஹாலுக்கு வந்து பார்லி சூப் குடித்தார்கள். துமாஷ் சன்னலோரம் உட்கார்ந்து சரிவையே பார்த்தார். விழுந்து தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினார்.

"நீ மொறைச்சா அது விழாது. சாப்பிடு" என்றாள் மெங்கியா.

அப்போது திடுதிடுவென்று சத்தம். எல்லோரும் சன்னலுக்கு ஓடினார்கள். சரிவு அசையவில்லை. பள்ளிக்கூடக் கூரையின் பனி மொத்தமாக முற்றத்தில் இறங்கியிருந்தது. கூரைக்குக் கீழே பையைச் சாய்த்து வைத்திருந்த ஒரே மனிதர் பனிச்சரிவைக் கணிக்கிற துமாஷ்தான்.

"இந்தக் கூரைக்கு என்ன நம்பர் போட்டே, மாப்ளே?" என்று பெய்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "புதைஞ்ச எடத்தைக் காட்டுற சிக்னல் கருவி பையில இருக்குமே, அதை வச்சுத் தேடு."

"பேட்டரி வீணாகுமேன்னு அணைச்சு வச்சிருக்கேன்."

மறுபடி சிரிப்பு. மண்வெட்டியும் கம்பியுமாக வந்தாயிற்று, விளையாட்டாகத் தேடலாம் என்று இறங்கினார்கள். பெய்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். முதலில் பாடிக்கொண்டே கம்பியால் குத்தினார்கள். விழுந்த பனி சிமெண்டாக இறுகியிருந்தது. பத்து நிமிஷத்தில் பாட்டு நின்றது. அதன் பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான். பை கடைசியில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில், சைக்கிள் நிறுத்தும் கம்பிகளுக்கு அந்தப்புறம் அகப்பட்டது.

"பத்தொம்பது நிமிஷம்" என்றார் பெய்டர்.

பனிக்குள் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் உயிரோடு எடுக்கலாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பெய்டர் பையைத் தட்டித் துமாஷின் தோளில் மாட்டிவிட்டார்.

"இன்னிக்கு அந்தச் சரிவுல முன்னாடி ஏறறேன்னு என் பொண்ணுதான் சொல்லியிருந்தா" என்றார்.

துமாஷ் தலையை ஆட்டினார். போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்ற அந்த ஒரு நிமிஷத்தை அவர் இன்றுவரை மெங்கியாவிடம்கூடச் சொன்னதில்லை.